நாற்பதாம் நாளைப் பற்றியும் கேளுங்கள்

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,
பிரதி: குடும்ப சுகாதாரப் பணியகத்தின் பணிப்பாளர் அவர்களுக்கு

வணக்கம்.

நான் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்றில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். முஸ்லிம் பெண். இந்த மடலின் சிங்களப் பிரதி தபாலில் உங்கள் அலுவலகத்துக்கு வருகிறது. தமிழில் பகிரங்கமாகவும் எழுதுவது, இதில் பேசப்படுகிற பெண்களும் வாசிக்கட்டும் என்றுதான். பெயர் போடவில்லை. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

கேட்பது இதுதான். அடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணிப்பீட்டை நீங்கள் எப்போது நடத்தினாலும், முஸ்லிம் வீடுகளில் பெண் குழந்தைகளுக்குச் செய்யப்படும் கத்னாவைப் பற்றி அதில் கேள்விகள் இருக்க வேண்டும். செய்தீர்களா, இல்லையா என்று கேட்டுவிட்டுப் போவது காணாது. யார் முடிவெடுத்தார்கள், தாய் என்ன நினைத்தாள், மற்றவர்கள் என்ன நினைப்பதாக அவள் நினைத்தாள், இதெல்லாம் வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளை பிறந்து நாற்பதாம் நாளை ஒட்டி, பெரும்பாலும் வீட்டிலேயே, ஒஸ்தா மாமி என்று நாங்கள் கூப்பிடும் வயதான பெண் ஒருவர் வருவார். பிள்ளையை உள்ளறைக்குக் கொண்டுபோவார்கள். கிளிட்டோரிஸை மூடியிருக்கும் தோலில் பிளேட்டால் கீறுவது, அல்லது கொஞ்சம் வெட்டி எடுப்பது, சில இடங்களில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் காட்டுவது. செய்பவரைப் பொறுத்து முறை மாறும். கையில் கொஞ்சம் காசு, ஒரு சேலை, சாப்பாடு. ஆண் பிள்ளையின் சுன்னத்துக்கு ஊரைக் கூப்பிடுகிறவர்கள் இதற்கு அடுத்த வீட்டுக்குக்கூடச் சொல்வதில்லை. பல வீடுகளில் வாப்பாவுக்கே தெரியாது. குஜராத் வழி வந்த ஷியா முஸ்லிம்களான போரா சமூகத்தில் இது ஏழு வயதளவில் நடக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு இருக்காது. எங்கள் ஊர்ப் பெண்களில் பலர் தனக்கு இது செய்யப்பட்டது என்று முதன்முதல் அறிவது, தான் பெற்ற மகளின் நாற்பதாம் நாளில்தான்.

“எங்களுடையது ஆபிரிக்காவில் நடப்பது மாதிரி இல்லை, ஒரு சின்னக் கீறல்தான்” என்பார்கள். ஆபிரிக்காவில் நடப்பதும் ஒரே மாதிரியானதில்லை என்பதை விடுவோம். உலக சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. குத்துவதும் கீறுவதும் நான்காம் வகையில் வரும், தோலை வெட்டுவது முதலாம் வகை. வகை எதுவானாலும் உடலுக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதுதான் அவர்களின் நிலைப்பாடு. நான் ஆயிரக்கணக்கில் பச்சைப் பிள்ளைகளைத் தூக்கியவள். நாற்பது நாள் பிள்ளையின் அந்த இடம் எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியும். பார்வை மங்கிய ஒரு மூதாட்டி, திமிறுகிற பிள்ளையில், பிளேட்டை வைத்துக்கொண்டு இவ்வளவுதான் வெட்டுவேன் என்று யாருக்கும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

இப்போது உங்கள் திணைக்களத்துக்கு இதில் என்ன வேலை என்று சொல்கிறேன்.

2008 இல் மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா இது கடமை என்று பத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுத்தது. 2017 இல் சில முஸ்லிம் பெண்கள் பாராளுமன்ற மேற்பார்வைக் குழுவின் முன் போய்த் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். 2018 மே மாதம் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது: வைத்தியர்களோ சுகாதார ஊழியர்களோ இதைச் செய்யக் கூடாது. உடனே எதிர்ப்பு வந்தது. தடையை எடுங்கள், வைத்தியர்களே பாதுகாப்பாகச் செய்யட்டும் என்று கேட்டார்கள். 2019 இல் இலங்கை குடும்பத் திட்டமிடல் சங்கம் ஓர் ஆய்வை வெளியிட்டது. சட்டத்தரணி எர்மிஸா டீகலும் ஸைனப் இப்றாஹீமும் பெண்களோடு இருந்து பேசி எழுதியது. நல்ல வேலை, நான் மதிக்கிறேன். ஆனால் அது ஆழமாகப் பேசிய ஆய்வு. நாடு முழுக்க எவ்வளவு என்று சொல்லும் வேலையை அது எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் முடியாது, அதற்கு உங்களைப் போல ஆளணி வேண்டும்.

தொகை தெரியாத இடத்தில் எவரும் எதையும் சொல்லலாம். ஒரு மேடையில் “அப்படி ஒன்று இப்போது நடப்பதே இல்லை, மேற்கத்திய நிறுவனங்கள் கிளப்பிவிட்ட கதை” என்கிறார்கள். அடுத்த மேடையில் “எங்கள் பெண்களே இதை விரும்பிக் கேட்கிறார்கள், தடுக்க நீங்கள் யார்” என்கிறார்கள். சில சமயம் இரண்டையும் ஒரே மனிதர் சொல்வார். முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தும் பேச்சிலும் இதே கூத்தைத்தான் பார்த்தோம். 2009 இல் குழு போட்டார்கள், 2018 இல் அறிக்கை வந்தது, அதுவும் இரண்டாகப் பிரிந்து வந்தது. இடையில் முஸ்லிம் பெண்களின் விருப்பம் என்ன என்று முஸ்லிம் ஆண்கள் எத்தனை கூட்டத்தில் விளக்கினார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

யுனிசெப் 2024 மார்ச்சில் வெளியிட்ட கணக்கில், உலகில் 23 கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இது செய்யப்பட்டிருக்கிறது. அதில் 8 கோடிப் பேர் ஆசியாவில். 31 நாடுகளின் தரவை வைத்துப் போட்ட கணக்கு அது. அந்த 31 இல் இலங்கை இல்லை. இங்கே நடக்காததால் இல்லாமல் போகவில்லை, நாங்கள் எண்ணாததால் இல்லை. பக்கத்தில் மாலைதீவு இருக்கிறது. நூற்றுக்கு நூறு முஸ்லிம் நாடு. 2016–17 கணிப்பீட்டில் கேட்டார்கள். 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 13 சதவீதம் என்று வந்தது. அதற்குள் வயதைப் பார்க்க வேண்டும்: 45–49 வயதில் 38 சதவீதம், 15–19 வயதில் 1 சதவீதம். ஒரு தலைமுறைக்குள் கிட்டத்தட்ட நின்றுபோன பழக்கம். கேட்டதால்தான் தெரிந்தது. திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அங்கே சிலர் பேசும்போது, காட்டுவதற்கு ஒரு தொகை இருக்கிறது. எங்கள் ஊரில் இது குறைகிறதா, கூடுகிறதா? குறைகிறது என்பது என் ஊகம். ஊகத்தை யாரிடம் காட்டுவது?

நீங்கள் நடத்தும் கணிப்பீட்டின் மேல் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. 2016 இல்தான் முதல் தடவையாக 25 மாவட்டங்களையும் எடுத்தீர்கள். 2019 இல் பெண்களின் நல்வாழ்வுக் கணிப்பீட்டை நடத்தி, புருஷன் அடிக்கிறானா என்பதை நாடு முழுவதும் வீட்டுக்குள் போய்ப் பெண்களிடமே கேட்டீர்கள். அதுவரை “இதையெல்லாம் எப்படிக் கேட்பது” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். கேட்கலாம் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். குடித்தொகை, சுகாதாரக் கணிப்பீட்டில் கத்னாவைப் பற்றி வெளிநாடுகளில் கேட்கத் தொடங்கியும் நீண்ட காலம் ஆகிவிட்டது. சூடானில் 1989–90 இலேயே கேட்டார்கள்.

ஆனால் அந்த வெளிநாட்டு வினாக்கொத்தை அப்படியே எடுத்து மொழிபெயர்த்துப் போட்டால் வேலைக்காகாது. இந்த மடலை நான் உட்கார்ந்து எழுதுவது முக்கியமாக இதற்காகத்தான்.

வழக்கமான முதல் கேள்வி “உங்களுக்குச் செய்யப்பட்டதா?” எங்கள் பெண்ணிடம் கேட்டால் உண்மையான பதில் “தெரியாது.” நாற்பது நாள் வயதில் நடந்தது எப்படித் தெரியும்? தெரியாது என்பவர்களை “இல்லை” பெட்டிக்குள் போட்டுவிட்டீர்கள் என்றால், இலங்கையில் பிரச்சினையே இல்லை என்று உங்கள் அறிக்கை சாட்சி சொல்லும். இந்தோனேசியாவிலும் எங்களைப் போலவே பச்சைப் பிள்ளையில்தான் செய்கிறார்கள். அவர்கள் 2013 இல் தங்கள் தேசிய சுகாதாரக் கணிப்பில் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டார்கள். 11 வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளில் 51 சதவீதம் என்று வந்தது. நாங்களும் மகளைப் பற்றித் தாயிடம்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், தாயிடம் மட்டும் கேட்டாலும் காணாது. உங்கள் கணிப்பீடு திருமணமான 15–49 வயதுப் பெண்களோடு பேசுகிறது. நாற்பதாம் நாளில் ஒஸ்தா மாமிக்கு ஆள் அனுப்புவது 22 வயதுத் தாய் இல்லை. அவளுடைய உம்மா. ஐம்பத்தைந்து, அறுபது வயது. உங்கள் கணக்கில் அவர் வரவே மாட்டார். ஆபிரிக்க ஆய்வுகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் மாமியாரின் நெருக்கடி பற்றிக் கேட்கிறார்கள். கிழக்கில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் பெயரில் சீதனமாக இருக்கும். அந்த வீட்டில் அதிகாரம் பெண்ணின் உம்மாவுக்கு. மாமியார் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு “செஞ்சாச்சா?” என்று ஒரு தடவை கேட்பதோடு சரி. கொழும்பிலோ கண்டியிலோ இந்த ஏற்பாடு வேறு. ஆகவே முடிவு எடுத்தது யார் என்ற கேள்விக்கு “மாமியார், கணவன், நானே” என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தால் எங்கள் பெண்கள் கட்டத்துக்கு வெளியே நிற்பார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று ஒரு சிறு தனிப்பகுதி வேண்டும். செலவு கூடும். கூடட்டும்.

இனி மனப்பாங்கு. இதில்தான் ஆய்வுகள் அதிகம் வழுக்குகின்றன.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், எங்கள் பக்கம் பெண்களின் சுகாதாரம் பற்றி ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. கேள்வி கேட்க வந்தது நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. நானும் அந்த வீட்டில் இருந்தேன். “பெண் பிள்ளைகளுக்குக் கத்னா செய்வதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?” தாய் கட்டிலில் பிள்ளையோடு இருக்கிறாள். அவளுடைய உம்மா கதவடியில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறார். தாய் உம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு “ஓம், மார்க்கம்தானே” என்றாள். படிவத்தில் ஒரு சரி விழுந்தது. அதே தாய் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னது: ஒஸ்தா மாமி வந்த அன்று அவருடைய கைக்குள் காசைத் திணித்து, “செஞ்ச மாதிரி காட்டிட்டுப் போங்க மாமி” என்றாளாம். மாமியும் உள்ளே போய்க் கலிமாவைச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாராம்.

அந்தக் கணிப்பில் அவள் ஆதரிக்கிற தாய். அவள் மகள் வெட்டப்பட்ட பிள்ளை. இரண்டுமே பிழை. இப்படி எத்தனை வீடு என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் ஒருத்தி மட்டும் இல்லை என்று ஒஸ்தா மாமிமாரின் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்தோ, கேட்பவரைத் திருப்திப்படுத்தவோ “நான் எதிர்ப்பு” என்று சொல்வார்கள். கானாவில் 1994 இல் சட்டம் வந்தது. அதன் வடபகுதியில் 1995 இல் தனக்கு இது செய்யப்பட்டதாகச் சொன்ன பெண்களை 2000 இல் திரும்பக் கேட்டபோது, 13 சதவீதம் பேர் செய்யப்படவில்லை என்றார்கள். வெட்டிய உடம்பு பழையபடி வளர்ந்துவிடவில்லை, கேள்வியின் அர்த்தம் மாறிவிட்டது. எதியோப்பியாவில் ஆய்வாளர்கள் வேறொரு வழி பார்த்தார்கள். பெண்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, சில சாதாரணக் கூற்றுகளை வாசித்து, எத்தனையை ஏற்கிறீர்கள் என்று தொகையை மட்டும் சொல்லச் சொல்வது. ஒரு கூட்டத்தின் பட்டியலில் மட்டும் இந்தப் பழக்கத்தைப் பற்றிய கூற்று கூடுதலாக இருக்கும். எதை ஏற்றாள் என்பது கேட்பவருக்கும் தெரியாது. இரண்டு கூட்டத்தின் சராசரி வித்தியாசத்தில் உண்மை வெளியே வரும். அப்படிப் பார்த்ததில், தொண்டு நிறுவனங்களின் பிரசாரம் சென்ற பெண்களே நேரடிக் கேள்வியில் தங்கள் ஆதரவை அதிகமாக மறைத்திருந்தார்கள். எது சரியான பதில் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். உங்கள் திணைக்களத்தில் இந்த முறை தெரிந்த புள்ளிவிபரவியலாளர்கள் இருப்பார்கள். எங்களூர்ப் பெண்களுக்கும் விரல் விட்டு எண்ணுவதில் ஒரு சிரமமும் இல்லை.

இன்னொரு கேள்வி எனக்கு மிக முக்கியம். “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்” என்பதோடு “உங்கள் தெருவில் பத்துத் தாய்மாரை எடுத்தால், அதில் எத்தனை பேர் இதை வேண்டாம் என்று நினைப்பார்கள்” என்றும் கேளுங்கள். புர்கினா பாசோவில் 2010 கணிப்பீட்டில் 76 சதவீதப் பெண்களுக்கு இது செய்யப்பட்டிருந்தது. தொடர வேண்டும் என்றவர்கள் 9 சதவீதம். இந்த இரண்டு தொகையையும் கவனமாகத்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். 76 என்பது பத்து, இருபது, முப்பது வருடங்களுக்கு முன் நடந்தவற்றின் கணக்கு. 9 என்பது அன்றைய வாய்ப்பேச்சு. அங்கே 1996 இலிருந்து சட்டமும் இருக்கிறது, பயந்து சொன்னவர்களும் இருப்பார்கள். எல்லாவற்றையும் கழித்தாலும் இடைவெளி பெரியது. எங்கள் தெருவிலும் அப்படித்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். ஒவ்வொரு தாயும் என்னிடம் தனியாக வந்து, தான் மட்டும்தான் இப்படி நினைப்பதாகச் சொல்வாள். ஒரே தெருவில், ஒரே மாதத்தில், ஆறு ஏழு பேர். ஒருத்திக்கு மற்றவளைத் தெரியாது என்றில்லை. எல்லோரும் ஒரே கிளினிக்கில் ஒரே வாங்கில் உட்கார்ந்து பிள்ளையை நிறுக்கக் காத்திருப்பவர்கள். ஒரு தொகை அச்சில் வந்தால் அந்த வாங்கில் பேச்சு தொடங்கும் என்று நம்புகிறேன். பிரசாரச் சுவரொட்டியை விட அது கூடுதலாக வேலை செய்யும்.

போரா பெண்கள் அரசாங்கத்தைக் காத்திருக்காமல் தாங்களே கேட்டுக்கொண்டார்கள். சகியோ என்ற அமைப்பு இணையத்தில் 385 பெண்களிடம் கேட்டு 2017 இல் வெளியிட்டது. 80 சதவீதம் பேருக்குச் செய்யப்பட்டிருந்தது, 81 சதவீதம் பேர் இது தொடரக் கூடாது என்றார்கள். இணையத்தில், தெரிந்தவர் மூலம் தெரிந்தவரைப் பிடித்துக் கேட்ட கணக்கு. படித்த, வசதியான பெண்கள் கூடுதலாக இருந்திருப்பார்கள். அதை வைத்து எல்லா போரா பெண்களும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் அதற்குப் பிறகு “எங்கள் பெண்கள் எல்லோரும் விரும்புகிறார்கள்” என்று ஒருவர் கூசாமல் சொல்ல முடியவில்லை.

ஒருத்தி வேண்டாம் என்கிறாளா என்பதைப் போலவே, எதனால் வேண்டாம் என்கிறாள் என்பதும் வேண்டும். எகிப்தைப் பாருங்கள். 1995 இல் மணமான பெண்களில் 82 சதவீதம் பேர் தொடர வேண்டும் என்றார்கள். 2014 இல் 58 சதவீதம். நல்ல மாற்றம் என்றுதான் தோன்றும். அதே காலத்தில் இதைச் செய்கிறவர்கள் ஊர் மருத்துவிச்சிகளிலிருந்து வைத்தியர்களாக மாறிவிட்டார்கள். 2014 அளவில் ஐந்து பிள்ளைகளில் நான்கு பேருக்கு வைத்தியரோ தாதியோதான் செய்தார்கள். ரத்தம் போகும், கிருமி தொற்றும், பிரசவத்தில் கஷ்டம் என்றே வருடக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். மக்கள் கேட்டுக்கொண்டார்கள்: சரி, அப்படியானால் வைத்தியரிடம் போவோம். இந்தோனேசியாவில் 2006 இல் சுகாதார ஊழியருக்குத் தடை போட்டு, 2010 இல் எப்படிச் செய்வது என்று அரசே விதிமுறை எழுதி, 2014 இல் அதை மீளப்பெற்று, 2024 இல்தான் ஒழிப்பதற்கான ஒழுங்குவிதி வந்தது. இடையில் என் தொழிலைச் செய்கிற மருத்துவமாதுகளே பிரசவக் கட்டணத்தோடு சேர்த்து இதையும் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் 2018 சுற்றறிக்கையை நீக்கக் கேட்பவர்கள் கூட்டிப்போகும் பாதை அதுதான். ஆகவே ஒரு பெண் “வேண்டாம்” என்றால், வைத்தியர் செய்தால் சம்மதமா என்று அடுத்த கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியில் பல “வேண்டாம்” உதிர்ந்துபோகும். போகட்டும், உண்மையான மிச்சம் எவ்வளவு என்று தெரியும்.

மார்க்க விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஷாபி மத்ஹபின், அதாவது ஷாபி சட்ட மரபின், பழைய நூல்களில் கடமை என்று இருப்பதும், ஹனபி மத்ஹபில் அப்படி இல்லாததும், இதற்குச் சொல்லப்படும் ஹதீஸைப் பதிந்த அபூதாவூதே அது பலவீனமானது என்று எழுதிவைத்ததும் தேடினால் கிடைக்கும். 2022 இல் இந்தோனேசியப் பெண் உலமாக்களின் மாநாடு, மருத்துவக் காரணம் இல்லாமல் இதைச் செய்வது ஹராம் என்று தீர்மானித்தது. உங்களுக்கு இதில் தேவையானது ஒரே விஷயம். “மார்க்கம்” என்று ஒரு பெட்டியை வைத்து, அதில் சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். எங்கள் பெண்கள் அந்தச் சொல்லுக்குள் பல காரணத்தைப் போட்டு வைப்பார்கள். சுத்தம். ஆசை அடங்கும் என்பது. பிள்ளையை இஸ்லாத்தில் சேர்ப்பது என்பது. உம்மம்மா செய்தார், அவருடைய உம்மா செய்தார் என்பது. மௌலவி கடமை இல்லை என்று சொன்னால் விடுவீர்களா என்று கேட்டால், ஆளுக்கு ஆள் பதில் மாறும்.

“முஸ்லிம் சமூகத்தின் மனப்பாங்கு” என்று ஒருமையில் அறிக்கை எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சூடானின் கெசீரா பகுதியில், ஊருக்கு ஊர் ஒரே மனம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போன ஆய்வாளர்கள், வெட்டும் குடும்பமும் வெட்டாத குடும்பமும் ஒரே ஊருக்குள் கலந்து வாழ்வதைக் கண்டு 2015 இல் எழுதினார்கள். இங்கே சோனகர், மலாயர், போரா. கிழக்கு, தெற்கு, மலைநாடு. தரீக்கா என்ற சூஃபி வழி, தௌஹீத் என்ற சீர்திருத்த வழி. ஒரே வீட்டில் மூத்தவளுக்குச் செய்து இளையவளுக்குச் செய்யாமல் விட்ட உம்மாமாரும் இருக்கிறார்கள். அந்த இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் என்ன மாறியது என்று கேட்டால் ஒரு புத்தகமே எழுதலாம்.

படிவத்தில் “சிதைப்பு” என்ற சொல்லைப் போடாதீர்கள். சட்டத்தில் போடுங்கள், நான் கைதட்டுவேன். படிவத்தில் போட்டால் கதவு சாத்தப்படும்.

இனிக் கஷ்டமான பகுதி. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் கடையில் கொத்துரொட்டிக்குள் மலட்டு மருந்து போட்டார்கள் என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் அடித்தார்கள். இரசாயனப் பகுப்பாய்வில் அது மாக்கட்டி என்று வந்தது. அப்படி ஒரு மருந்தே உலகில் இல்லை என்று என் வேலையில் இருக்கும் எவரும் முதல் நாளே சொல்லியிருப்போம், யார் கேட்டார்கள்? அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின்னால், குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் சிங்களத் தாய்மாருக்குக் களவாக மலட்டுச் சத்திரசிகிச்சை செய்தார் என்று பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. 2020 இல் கொரோனாவில் இறந்த எங்கள் ஆட்களின் மையித்துகளைப் புதைக்க விடாமல் எரித்தார்கள். அதற்கு அரசாங்கம் 2024 இல்தான் மன்னிப்புக் கேட்டது. எங்கள் உடம்பைப் பற்றியும் எங்கள் பிறப்பு, இறப்பைப் பற்றியும் அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்து கேட்டால், எங்கள் பெண்கள் ஏன் வாயைத் திறக்கத் தயங்குவார்கள் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இந்தத் தொகை வெளியே வந்ததும் அதைத் தூக்கிப் பிடிக்கப் போகிறவர்கள் யார் என்றும் எனக்குத் தெரியும். முஸ்லிம் பெண்ணின் வலி அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இதைக் காட்டித்தான் எங்களை வாயை மூடச் சொல்கிறார்கள் எங்கள் ஆண்களும். “இப்ப வேணாம், நிலவரம் சரியில்ல.” அளுத்கமைக் கலவரத்துக்குப் பிறகு 2014 இல் சொன்னார்கள், திகனைக் கலவரத்துக்குப் பிறகு 2018 இல் சொன்னார்கள், 2019 இல், 2020 இல் சொன்னார்கள். நிலவரம் சரியாக இருந்த வருடம் ஒன்றை எனக்குக் காட்டினால் நான் அந்த வருடத்துக்கே காத்திருக்கிறேன். இதற்கிடையில் பிள்ளைகள் பிறக்காமல் இருப்பதில்லை.

ஆகவே பாதுகாப்பைப் பற்றிச் சில விஷயம். கேட்க வருபவர் தமிழ் பேசும் பெண்ணாக இருக்க வேண்டும், அதே ஊர்ப் பெண்ணாக இருக்கக் கூடாது. அயலூர் நல்லது. கிராம உத்தியோகத்தரோ பள்ளிவாசல் நிர்வாகமோ கூட வரக் கூடாது. தாயும் உம்மம்மாவும் வேறு வேறு நேரத்தில், தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் தனிமை கிடைக்காவிட்டால் டேப்லெட்டை அவள் கையில் கொடுத்து, காதில் மாட்டும் ஹெட்போனில் கேள்வியைக் கேட்டு அவளே அழுத்தட்டும். தொகையை மாவட்டத்துக்குக் கீழே உடைத்து வெளியிட வேண்டாம். முஸ்லிம்கள் குறைவாக உள்ள மாவட்டங்களை மாகாணமாகச் சேர்த்துவிடுங்கள். பதில் சொன்ன தாயின் மேல் வழக்குப் போட இந்தத் தகவலைப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் தர வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவில் சிறுவர் கொடுமைக்குத் தண்டனை இருக்கிறது, அதற்குள் இதுவும் அடங்கும் என்று சட்டம் தெரிந்தவர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 22 வயதுத் தாயைக் கூண்டில் ஏற்றுவதற்கான தரவுத்தளமாக உங்கள் கணிப்பீடு ஆகிவிட்டால், கானாவில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்.

அறிக்கையை வெளியிடும் நாளில் கொழும்பு ஹோட்டலில் ஆங்கிலத்தில் மட்டும் வெளியிட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துத் தமிழில் தராதீர்கள். அந்த மூன்று மாதத்தில் அதில் என்ன இருக்கிறது என்பதை எங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தந்துவிடுவார்கள்.

குடும்ப சுகாதாரப் பணியகத்துக்குத் தனியாக ஒரு வரி. ஆறாம் கிழமை கிளினிக்குக்கு வருகிற தாய், பெண் பிள்ளையின் துணியைக் கழற்ற விடாமல் “நித்திரை, எழுப்ப வேணாம் மிஸ்” என்று சொல்வதை இன்று வேலை செய்யும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது, எப்படிக் கேட்பது என்று ஒரு பயிற்சியும் என் காலத்தில் கிடைத்ததில்லை. சுற்றறிக்கை செய்யாதே என்கிறது. பார்த்தால் என்ன செய்வது என்பதைச் சொல்வதில்லை. நாற்பதாம் நாளுக்கு முந்திய வீட்டு வருகை உங்கள் கையில்தான் இருக்கிறது. அதில் ஐந்து நிமிடம் போதும்.

வினாக்கொத்தின் தமிழ் வரைவு தயாராகும்போது அதைக் கொழும்பில் மட்டும் பரிசோதிக்காதீர்கள். அக்கரைப்பற்று, சாய்ந்தமருது, காத்தான்குடி, புத்தளம், பேருவளை, அக்குறணை, எல்லா இடத்திலும் என்னைப் போல ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். எந்தக் கேள்விக்குப் பெண்கள் சிரிப்பார்கள், எதற்குக் கோபிப்பார்கள், எதற்கு உள்ளே போய்த் தேத்தண்ணி போடத் தொடங்குவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு கடிதம் போட்டுக் கூப்பிடுங்கள். பஸ் காசை நாங்களே போட்டுக்கொள்வோம். வரைவை மட்டும் ஒரு கிழமைக்கு முந்தி அனுப்பிவிடுங்கள், கண்ணாடி போட்டு வாசிக்க எங்களுக்கு நேரம் எடுக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்
அம்பாறை மாவட்டம்